குறைமாதக் குழந்தைக்குக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மகன் 31-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். பிறந்தபோது எடை 1,450 கிராம். பத்து நாட்கள் ஆக்சிஜன் கொடுத்தார்கள். நோய்த்தொற்றுக்கு மருந்து ஏற்றினார்கள், ஒருமுறை இரத்தமும் ஏற்றினார்கள். மஞ்சள்காமாலைக்காக நீல விளக்கின் கீழும் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். நன்றாகப் பால் குடிக்கிறான், வெளிச்சம் வரும் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். முப்பதாம் நாளில் விழித்திரைப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு சிறிய குழந்தையின் கண்ணைச் சோதிப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. எடை இன்னும் கொஞ்சம் ஏறிய பிறகு போகலாமா? ஆக்சிஜன் கொடுத்ததுதான் கண்ணைக் கெடுக்கும் என்று உறவினர்கள் சொல்வது உண்மையா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். குறித்த நாளிலேயே போய்விடுங்கள். குழந்தை வெளிச்சத்தைப் பார்க்கிறான் என்பது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் நாம் தேடப்போகும் நோய் விழித்திரையின் ஓரத்தில் தொடங்குவது. ஓரத்தில் அது முற்றிக்கொண்டிருக்கும்போதும் குழந்தை விளக்கைப் பார்ப்பான், கண் சிவக்காது, நீர் வடியாது, பீளை கட்டாது. பெற்றோரால் மட்டுமல்ல, குழந்தைகள் நல மருத்துவராலும் வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணின் பாவைக்குள் (நடுவிலுள்ள கருவட்டத்துக்குள்) வெள்ளையாகத் தெரிந்து வீட்டார் பதறி ஓடிவரும் கட்டத்தில், பெரும்பாலும் விழித்திரை பிரிந்துபோயிருக்கும்.

இந்த நோய்க்குக் குறைப்பிரசவ விழித்திரை நோய் என்று பெயர். மருத்துவமனையில் சுருக்கமாக ஆர்ஓபி என்பார்கள். கருவின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் சுமார் 16-வது வாரத்தில் பார்வை நரம்பின் அருகிலிருந்து வளரத் தொடங்குகின்றன. மூக்குப் பக்கத்து விளிம்பை எட்ட ஏறக்குறைய 36 வாரமும், நெற்றிப்பொட்டுப் பக்கத்து விளிம்பை எட்ட 40 வாரமும் ஆகும். உங்கள் மகன் பிறந்தபோது இந்த வேலை பாதியில் நின்றிருந்தது. கருப்பையை விட வெளியுலகில் ஆக்சிஜன் மிகுதி. தாயிடமிருந்து கிடைத்துவந்த வளர்ச்சிக் காரணிகளும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. அதனால் குழாய்களின் வளர்ச்சி தேங்குகிறது. சில வாரங்களில் விழித்திரை வளர வளர அதன் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. குழாய் போய்ச் சேராத ஓரப்பகுதி விஇஜிஎஃப் என்னும் வேதிப்பொருளை அதிகமாகச் சுரந்து இரத்தத்துக்கு ஏங்குகிறது. அந்தத் தூண்டுதலில் முறையற்ற, எளிதில் கசியக்கூடிய புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவற்றோடு உருவாகும் தழும்புத் திசு சுருங்கினால் விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும்.

புதிய குழாய்கள் முளைக்கும் இந்த இரண்டாம் கட்டம் பெரும்பாலும் கருவயதும் பிறந்த பின் கடந்த வாரங்களும் சேர்ந்து 32 வாரத்தைத் தாண்டிய பிறகே தொடங்குகிறது. உங்கள் மகனுக்கு முப்பதாம் நாளில் அந்தக் கணக்கு 35 வாரத்தை ஒட்டி வரும். அதற்கு வெகு முன்னால் பார்த்தால் நோய் தென்படாமல் போகலாம், வெகு பின்னால் பார்த்தால் சிகிச்சைக்கான நேரம் கடந்திருக்கலாம். எடை ஏறும்வரை நோய் காத்திருக்காது.

இனி ஆபத்துக் காரணிகளுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் பெரியவை இரண்டு: எத்தனையாவது வாரத்தில் பிறந்தான், எத்தனை கிராம் இருந்தான். வாரமும் எடையும் குறையக் குறைய ஆபத்து ஏறுகிறது. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கே மிக அதிகம். அமெரிக்காவில் 30 வாரம் அல்லது அதற்குள் பிறந்தவர்களையும், 1,500 கிராம் அல்லது அதற்குக் குறைந்தவர்களையும் கட்டாயம் பரிசோதிக்கிறார்கள். இந்தியாவில் எல்லை இன்னும் அகலமானது: 34 வாரத்துக்குள் அல்லது 2,000 கிராமுக்குள். சற்றே பெரிய குழந்தைகளுக்கும் இங்கே இந்த நோய் வருவதைப் பார்த்துத்தான் அப்படி வகுத்தார்கள். இரண்டு கணக்கிலும் உங்கள் மகன் பரிசோதனைக்கு உரியவனே.

ஆக்சிஜனைப் பற்றி உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த நோய் 1942-ல் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். இன்குபேட்டருக்குள் தாராளமாகப் பாய்ச்சிய ஆக்சிஜனே காரணமாகலாம் என்று 1951-ல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்ப்பெல் சுட்டிக்காட்டினார். பின்னர் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு அதை உறுதிசெய்தது. உடனே ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். கண் நோய் குறைந்தது, ஆனால் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் மூளை பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் கூடின. 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றிலும் இதே பாடம் கிடைத்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை 85 முதல் 89 சதவீதத்தில் வைத்த குழந்தைகளிடம் தீவிரக் கண் நோய் குறைவாக இருந்தது, இறப்போ 91 முதல் 95 சதவீதத்தில் வைத்தவர்களைவிட அதிகமாக இருந்தது. எனவேதான் இன்று பல மருத்துவமனைகள் 90 முதல் 95 சதவீதத்தை இலக்காகக் கொள்கின்றன. அளவுக்கு மீறியும் போகக் கூடாது, ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கக் கூடாது என்பதே கவலை. உங்கள் மகனுக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது, கொடுத்தார்கள், அதனால் அவன் இன்று உங்கள் மடியில் இருக்கிறான். அந்த முடிவை எண்ணி யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆக்சிஜனே தேவைப்படாத குழந்தைக்கும் இந்த நோய் வரலாம் என்பதையும் உறவினர்களிடம் சொல்லுங்கள்.

இரத்தத்தில் கலந்த நோய்த்தொற்று, இரத்தம் ஏற்றியது, வென்டிலேட்டரில் இருந்தது, அடிக்கடி மூச்சு நின்றது, மூளையில் இரத்தக்கசிவு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை. இவற்றுள் எது நேரடிக் காரணம், எது குழந்தை எவ்வளவு நலிந்திருந்தது என்பதன் அடையாளம் என்று பிரிப்பது எளிதல்ல. நான் பெரிதும் மதிப்பது, பலர் கவனிக்கத் தவறும் ஒன்றை: முதல் சில வாரங்களில் எடை எப்படி ஏறியது என்பது. எடை மந்தமாக ஏறும் குழந்தைகளின் இரத்தத்தில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி குறைவாக இருக்கிறது. விழித்திரைக் குழாய்கள் சரியாக வளர அது வேண்டும். தாய்ப்பால் இங்கே பெரிய துணை. தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளிடம் தீவிர நோய் குறைவாகக் காணப்படுகிறது.

நீல விளக்கைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சிகிச்சையின்போது கண்களை மூடித்தான் வைத்திருப்பார்கள். தவிர, கண்ணில் படும் வெளிச்சத்தைக் குறைப்பதால் இந்த நோய் தடுக்கப்படுவதில்லை என்று 1998-ல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. 

பரிசோதனையின்போது குழந்தை அழுவான், அதை மறைக்க விரும்பவில்லை. முதலில் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள். பிறகு வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு. இமைகளை விலக்கிப் பிடிக்க ஒரு சிறு கருவி. பார்த்து முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். துணியில் இதமாகச் சுற்றிப் பிடிப்பதும், நாக்கில் சில துளி தாய்ப்பாலோ சர்க்கரைக் கரைசலோ விடுவதும் வலியைத் தணிக்கும். கடைசியாக எப்போது பால் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்திருந்தால் வாந்தி எடுக்கக்கூடும்.

"நோய் இருக்கிறது" என்று சொன்னாலும் உடைந்துபோகாதீர்கள். ஐந்து நிலைகளில் முதல் இரண்டு நிலைகள் பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடும். எந்த நிலை, விழித்திரையின் எந்த வட்டத்தில் இருக்கிறது, குழாய்கள் வீங்கி முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா என்ற மூன்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். சிகிச்சை தேவை என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த வாரம் வரும் காரியமல்ல. லேசர் சிகிச்சை, அல்லது விஇஜிஎஃப்பை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்துவது என இரு வழிகள் உண்டு. ஊசி போட்டால் நோய் பல வாரங்கள் கழித்தும் திரும்ப வரலாம் என்பதால் கண்காணிப்பு நீளும்.

பெரும்பாலான பெற்றோர் முதல் பரிசோதனைக்கு வந்துவிடுகிறார்கள். தவறவிடுவது இரண்டாவதையும் மூன்றாவதையும்தான். "இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்பதற்குப் பொருள், குழாய்கள் இன்னும் விளிம்பை எட்டவில்லை, அடுத்த வாரமோ இரண்டு வாரம் கழித்தோ மீண்டும் பார்க்க வேண்டும் என்பதே. "விழித்திரை முழுமையாக வளர்ந்துவிட்டது, இனி வர வேண்டாம்" என்று மருத்துவர் எழுதித் தரும்வரை விடாதீர்கள். இரட்டைக் குழந்தைகளின் பெற்றோர் இதைப் படித்தால், சிறியவனை மட்டுமல்ல, இருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாராந்திர எடைக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அன்றைக்குக் காய்ச்சல் போல ஏதாவது வந்துவிட்டால் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லி, ஓரிரு நாளில் மாற்றுத் தேதி வாங்கிவிடுங்கள். பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவதால், முதல் பிறந்தநாளை ஒட்டி ஒருமுறையும் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறையும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் அவன் பார்வை ஒரு பக்கம் விலகுவதாகவோ, பொருட்களை மிக அருகில் வைத்துப் பார்ப்பதாகவோ தோன்றினால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.