பதில்: "நாளுக்கு 345 ரூபாதான்" நோட்டீஸ்

தங்கச்சி, கிளிநொச்சிச் சந்தையடியில் அம்மா வாங்கிவந்த நோட்டீஸில் ஒரு லட்சம் கடன், 12 மாதம், மாத வட்டி 2 வீதம், "நாளுக்கு 345 ரூபாதான்" எண்டு கிடக்குதாம். அம்மாவை எப்பிடி மறிக்கிறது எண்டு கேட்டிருந்தீங்கள்.

சண்டை வேண்டாம், கொப்பியில கணக்கைப் போட்டுக் காட்டுங்கோ. 345 நாளுக்கெண்டால் மாதம் 10,350, வருசம் 124,200. கட்டக் கட்ட முதல் (கடன் வாங்கின காசு) குறைஞ்சாலும் வட்டி குறையாததால, உண்மையான வீதம் மாதம் 3.5 அளவில வரும். பெரிய தொகையை நாட்கணக்கில நறுக்கிக் காட்டுறது விளம்பரக்காரரின்ர பழைய வித்தை. நெல்லுக்காசு நாளாந்தம் வராதே! காலபோகம் (மாரிகால நெல்லு) வெட்டித்தான் கையில காசு. தவணையோ அதுக்கு முன்னமே, கார்த்திகையிலயே படலையில நிக்கும்.

நோட்டீஸில "31ஆம் திகதி வரை மட்டும்" எண்டு போட்டது யோசிக்க விடாமல் அவசரப்படுத்த.

"உங்கட ஊர் அக்காவும் எடுத்திட்டா" எண்ட படம்தான் பொல்லாதது. அம்மா அதைத்தான் நம்புவா. (தேர்தலுக்கு மதிலில "நம்மவர்" எண்டு எழுதுறதும் இதுதான், என்ன செய்வினம் எண்டு ஒரு வரி இராது.) அக்கம்பக்கத்தில இப்பிடிக் கடன் எடுத்த ஆரிட்டயாவது அம்மாவையே கேக்கச் சொல்லுங்கோ: கட்டி முடிச்சாச்சோ, இல்லாட்டி அதைக் கட்ட இன்னொண்டு எடுத்தவையோ?

கையெழுத்துக்கு முன்னம் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்திலயும் வீதத்தை விசாரியுங்கோ.