மாதக் கடைசி அவருக்கும்தான்

கேள்வி: சென்னைக்கு வெளியே ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஒன்பது வருடமாக நூலகராக இருக்கிறேன். ஆன்லைன் ஜர்னல் (ஆராய்ச்சி இதழ்) பேக்கேஜுக்குப் போன வருடம் 3,20,000 ரூபாய் கட்டினோம். இந்த வருடம் 12 சதவீதம் ஏற்றி 3,58,400 என்று புரோஃபார்மா (முன்கூட்டிய விலை பில்) வந்திருக்கிறது. "மாதக் கடைசிக்குள் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) வரலைன்னா ஆக்சஸ் கட் ஆயிடும் மேடம்" என்கிறார் சேல்ஸ் ரெப். தாளாளரோ போன வருடத்துக்கு மேல் ஒரு பைசா தர மாட்டேன் என்கிறார். எனக்குக் காய்கறிக் கடையில்கூடப் பேரம் பேச வராது. என்ன செய்யட்டும் அக்கா?
வாசகி, தாம்பரம்

பதில்: காய்கறிக் கடையை நினைத்துக் கவலைப்படாதீர்கள், அந்தத் திறமை இங்கே பெரிதாக உதவாது. தக்காளி விலை படியவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். ஒரு ஜர்னலை அதன் பதிப்பாளரை விட்டால் வேறு கடையில் வாங்க முடியாது, ரெப்புக்கும் அது நன்றாகத் தெரியும், அதனால்தான் அவ்வளவு தைரியமாகத் தேதி குறிக்கிறார். இந்த பேக்கேஜ் இல்லாமல் ஒரு வருடம் உங்கள் கல்லூரி ஓடுமா, ஓடும் என்றால் எப்படி ஓடும்? இதற்குப் பதில் தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள். பதில் தெரியாதவரை அவர் சொல்வதுதான் விலை.

முதலில் யூசேஜ் ரிப்போர்ட், அதாவது எந்த ஜர்னலை எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு. 'கவுண்டர் ரிப்போர்ட்' என்று கேளுங்கள், பெரிய பதிப்பாளர்கள் தருவார்கள், பல இடங்களில் அட்மின் லாகினில் நீங்களே இறக்கிக்கொள்ளலாம். போன வருடம் 400 கட்டுரைகள் இறக்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள், ஒரு கட்டுரைக்கு 800 ரூபாய் ஆகிறது. அதோடு விடாமல் தலைப்பு தலைப்பாகப் பாருங்கள். ஏழெட்டு ஜர்னல்களை எல்லோரும் போட்டி போட்டுப் படித்திருப்பார்கள், வருடம் முழுக்க ஒருவர்கூடத் திறக்காதவை ஒரு பெரிய பட்டியலாக வரும். நம் நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பரீட்சைக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த அந்த வரியை எடுத்து வைக்க வேண்டிய இடம் இதுதான்.

அப்புறம், அந்த ஏழெட்டை மட்டும் தனிச் சந்தாவாக எடுத்தால் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். மீதிக்கு, நூலகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் வலையமைப்பு வழியாகக் கட்டுரை வரவழைக்கலாம், நிறையக் கட்டுரைகள் இலவசமாகவே திறந்திருக்கின்றன, கட்டுரை எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேட்டாலும் பலர் சந்தோஷமாக அனுப்புகிறார்கள். இது அத்தனையையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரெப்பைப் பார்ப்பதற்கு முன்னால் துறைத்தலைவர்களைப் பாருங்கள், இதைத் தள்ளிப் போடவே போடாதீர்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு முறை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் திறக்காத தலைப்புகளை மஞ்சள் ஹைலைட்டரில் கோடு போட்டு மேஜையில் வைத்தேன். ரெப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், பேச்சே இல்லை, "மேனேஜரை ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று போனை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஒரு துறைத்தலைவர், "மேடம், இதை மட்டும் நிறுத்திடாதீங்க, என் பிஎச்.டி. பசங்க பாவம்" என்றார். ரெப் போனைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வருடம் அவர்கள் கேட்ட விலையையே கொடுத்தோம். துறைத்தலைவரைக் குறை சொல்ல மாட்டேன், முன்கூட்டியே அவர் அறைக்குப் போய்ப் பேசாதது என் தப்பு.

பெரிய இடத்திலும் இதே கதைதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்செவியர் என்ற பெரிய ஜர்னல் பதிப்பாளரின் சந்தாவே வேண்டாம் என்று வெளியேறியது, 2021 மார்ச்சில்தான் புது ஒப்பந்தம் போட்டது. நடுவில் இரண்டு வருடம் தாக்குப் பிடிக்க முடிந்ததென்றால், பேராசிரியர்கள் நூலகத்தின் பக்கம் நின்றதால்தான்.

சரி, தாளாளர். "அரசாங்கம்தான் ஒரே நாடு ஒரே சந்தான்னு எல்லாம் தருதாமே" என்று அவர் கேட்டாலும் கேட்பார். 2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள் உண்டு, ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான், சுயநிதிக் கல்லூரிக்கு வராது. இதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டு, அவர் திரும்பிப் போக வழியுள்ள ஒரு யோசனையை வையுங்கள். ரங்கநாதனுக்கு நடந்ததும் அதுதான். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தவருக்கு அந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை, கணக்கு வாத்தியாராகவே திரும்புகிறேன் என்றார். லண்டன் போய் நூலகத் துறையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பழைய வேலை உங்களுக்குத்தான் என்று ஏற்பாடானது. போனார், திரும்பி வந்து நூலகத்தை விடவே இல்லை. நீங்களும், "ஒரு வருஷம் குறைந்த தலைப்புகளோடு ஓட்டிப் பார்க்கலாம் சார், ஆசிரியர்கள் கஷ்டப்பட்டால் அடுத்த வருஷம் பழையபடி வாங்கிக்கொள்ளலாம்" என்று கேட்டுப் பாருங்கள். இந்த வாசகத்தோடு அவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் கையில் இருந்தால் ரெப் எதிரில் உங்கள் குரலே மாறிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

ரெப்பிடம் பேசும்போது விலையை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள். அவரால் விலையில் இறங்க முடியாத இடத்தில் வேறு எதையாவது தர முடியும். மூன்று வருட ஒப்பந்தம் போட்டால் வருட ஏற்றத்தை 5 சதவீதத்தில் நிறுத்துவாரா? அப்படியென்றால் இந்த வருடம் 3,36,000, கேட்ட தொகையைவிட 22,400 குறைவு. சந்தாவை நிறுத்தினாலும் பணம் கட்டிய வருடங்களின் இதழ்கள் நமக்குத் திறந்தே இருக்குமா? டாலர் விலை என்றால் எந்தத் தேதியின் எக்ஸ்சேஞ்ச் ரேட், ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, இரண்டு தவணையாகக் கட்டலாமா, எல்லாவற்றையும் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். விலையை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கல்லூரி நூலகர் என்ன விலை கொடுக்கிறார் என்று தெரியாமல் இருப்பதால்தான் நாம் ஆளுக்கொரு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக நூலகம் இப்படிப்பட்ட ஷரத்தில் கையெழுத்திட மாட்டோம் என்று 2011-லேயே அறிவித்துவிட்டது.

உங்கள் தொகையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்காதீர்கள். நம்மவர்களுக்கு அந்த அரை நிமிட மௌனம் தாங்காது, "இல்ல சார், கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை" என்று நாமே ஆரம்பித்துவிடுவோம். தண்ணீர் குடியுங்கள், பேசாதீர்கள்.

அந்த மாதக் கடைசியைப் பற்றியும் சொல்கிறேன். அது உங்களுக்கு மட்டும் கெடு இல்லை, டார்கெட்டோடு ஓடுகிற அந்தப் பிள்ளைக்கும் கெடு. அவரிடம் கோபப்படாதீர்கள், அவர் மேனேஜரிடம் காட்ட அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அதை நீங்கள்தான் கொடுக்கப்போகிறீர்கள். இன்றைக்கு மெயிலில் இவ்வளவு மட்டும் அனுப்புங்கள்: "புரோஃபார்மா கிடைத்தது. யூசேஜைப் பார்த்துவிட்டு பர்ச்சேஸ் கமிட்டி முடிவு செய்யும். அதுவரை ஆக்சஸைத் தொடரக் கிரேஸ் பீரியட் வேண்டும், இந்த மெயிலை உங்கள் மேனேஜருக்கும் அனுப்பிவிடுங்கள்." அனுப்பிவிட்டு நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போங்கள்.