சிரிக்காத பயிற்சியாளர்

கேள்வி: என் மகள் வேலூரில் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். பயிற்சி தினமும் காலை ஐந்தரைக்கு. பயிற்சியாளர் பெற்றோர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைக்கிறார். தலைக்கனம் பிடித்தவர் என்பதுதான் எல்லோருடைய பேச்சும். மகளோ அவரை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன் என்கிறாள். நான் யாரை நம்புவது?
– ஒரு தாய், காட்பாடி

பதில்: மகளை நம்புங்கள் அம்மா. நீங்கள் பார்ப்பது நாற்பது நிமிட ஆட்டத்தை; அவள் பார்ப்பது தினசரி விடியற்காலையை.

கல்லூரியில் எனக்கு வாய்த்த பயிற்சியாளருக்குத் திக்குவாய். களத்தில் விசிலும் கைச்சாடையும் போதும் என்பதால் அங்கே அவர் ராஜா. நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டார். வென்றாலும் தோற்றாலும் பரிசளிப்புக்கு முன்பே கிளம்பிவிடுவார். "மரியாதை தெரியாத மனிதர்" என்று ஊர் பேசியது. எங்கள் அணியில் பேர்ணாம்பட்டுப் பெண்கள் இருவர் இருந்தார்கள். கடைசி பஸ்ஸில் அவர்களோடு ஏறி, வீட்டு வாசல்வரை விட்டுவிட்டு, விடியும்வரை பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து திரும்புவார். இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. நாங்களும் சொல்லவில்லை. அவரை வேலையிலிருந்து எடுத்தபோது, அவருக்காகப் பேச ஒருவர்கூட முன்வரவில்லை. அன்று வாய்மூடி இருந்தவர்களில் நானும் ஒருத்தி. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழக அணியை 36 பருவங்கள் நடத்திய டீன் ஸ்மித், தன்னைப் பற்றிய பேச்சையே விரும்பாதவர். கூடையில் பந்தைப் போட்டவர், அதைத் தனக்குப் பாஸ் கொடுத்தவரை விரல் நீட்டிக் காட்டி நன்றி சொல்ல வேண்டும் என்று பழக்கினார். 2015இல் அவர் மறைந்த பிறகு, அவரிடம் ஆடிய சுமார் 180 பேருக்கு ஆளுக்கு 200 டாலர் வந்து சேர்ந்தது. வெளியே போய் ஒரு வேளை நன்றாகச் சாப்பிடுங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார்.

ஆனால் உள்ளே நல்லவர் என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் பாப் நைட், கார் விபத்தில் முடங்கிப்போன தன் வீரர் லேண்டன் டர்னருக்காக நிதி திரட்டியவர். அதே மனிதர்தான் 1985இல் ஆட்டத்தின் நடுவே களத்துக்குள் நாற்காலியை வீசினார். மூன்று முறை தேசியப் பட்டம் வென்று தந்தவரை, அவர் நடத்தை பொறுக்காமல் 2000இல் அந்தப் பல்கலைக்கழகமே நீக்கியது. செய்த உதவிக்காக அவரை மதிக்கிறேன். என் மகளை அவரிடம் விட்டிருக்க மாட்டேன்.

அதனால் ஒரு நாள் விடியற்காலையில் மைதானத்துக்குப் போய் ஓர் ஓரமாக உட்காருங்கள். உங்கள் மகள் ஃப்ரீ த்ரோவை (யாரும் தடுக்காமல் நின்று எறியும் வாய்ப்பை) தவறவிடும்போது அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். அவள் முழங்கையை வைக்கும் விதத்தைத் திருத்தினால், எவ்வளவு சத்தம் போட்டாலும் விட்டுவிடுங்கள். அவள் உடம்பையோ குடும்பத்தையோ இழுத்துப் பேசினால், அன்றைக்கே கல்லூரி முதல்வரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், அடுத்த முறை மற்றப் பெற்றோர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். நான் அன்று சொல்லாமல் விட்டதும் அதைத்தான்.