கஞ்சியைத் துப்பினார், கத்திவிட்டேன்

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன், வயது 46. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கும் மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வலது கை, கால் விழுந்துவிட்டன, பேச்சும் இல்லை. ராத்திரியில் மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்கவைக்கிறேன். தூக்கமில்லை, தீராத இடுப்பு வலி. போன வாரம் கஞ்சியைத் துப்பிவிட்டார் என்று கத்திவிட்டேன். எனக்கு மனநோயா?

பதில்: கத்தியதை மட்டும் வைத்து மனநோய் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் சரியாகத் தூங்காத யாருக்கும் பொறுமை அவ்வளவுதான் இருக்கும்.

முதலில் அந்தக் கஞ்சி. பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் பலவீனமாகலாம். உங்கள் மாமியார் வேண்டுமென்றே துப்பியிருக்க மாட்டார். உள்ளே போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய் கொடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் கரகரத்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரலாம்.

அடுத்து இடுப்பு. அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறீர்களா? அதை இன்றே விடுங்கள். உங்கள் இடுப்புக்கும் கேடு, அவருடைய வலது தோளுக்கும் கேடு. பழைய போர்வையை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் போடுங்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதோடு சேர்த்து நகர்த்தலாம். ஏர் பெட் வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது, நிறுத்தினால் படுக்கைப்புண் வரலாம்.

ஆளுக்கொரு பக்கம் என்றேனே, அந்த இன்னொரு ஆள் யார்? கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை! வீட்டில் இருக்கிறார் என்றால், "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ராத்திரி உங்க முறை" என்று சொல்லிவிட்டு வேறு அறையில் போய்ப் படுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து காபி குடித்துவிட்டுப் போகும் சொந்தக்காரர்களுக்கும் இரண்டு மணி நேரம் ஒப்படையுங்கள்.

பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றி விசாரியுங்கள். 2021-ல் தொடங்கிய திட்டம். பிசியோதெரபியும், வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருவார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, செத்துப்போகலாம் என்று தோன்றினாலோ, மாமியாரை அடித்துவிடுவோமோ என்று பயந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

அப்புறம், மாமியாருக்கு மாத்திரை வாங்கப் போகும்போது உங்கள் பிரஷரையும் சுகரையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை.