உலக செஸ் சாம்பியன் ஆக எதிராளியை வெறுத்தே ஆக வேண்டுமா?

"ஆனந்துக்குக் கொலைவெறி போதாது, அதனால்தான் 2013ல் சொந்த ஊரான சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார். எதிராளியை வெறுக்காமல் சாம்பியனாக நீடிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டிலும் செஸ் ஆடும் பிள்ளை ஒன்று இருக்கும், அதன் கோச் இப்படி ஏதோ சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் இந்தப் பேச்சு அப்படித்தான் வந்தது.

என் மகள் 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த சமயம். மாவட்டத் தேர்வுப் போட்டியின் கடைசி ரவுண்டில் அவளுக்கு எதிரே வந்தது அவளுடைய நெருங்கிய தோழி. வெளியூர்ப் போட்டி என்றால் இருவரும் ஒரே ரயிலில்தான் போவார்கள். ஜெயிப்பவள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். முதல் நாள் மாலை கோச் என்னைத் தனியாக அழைத்து, "மேடம், இனிமே அந்தப் பொண்ணோட பேச விடாதீங்க. சாப்பாடுகூடத் தனியா கொடுங்க. நாளைக்கு அவ எதிரி" என்றார். 2010ல் சோஃபியாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் பல்கேரிய வீரர் டோபலோவ், ஆனந்திடம் டிரா பற்றிப் பேசவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆடியதை உதாரணமாகவும் காட்டினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், அந்தப் போட்டியில ஜெயிச்சது யாரு?" என்று கேட்டேன். எரிமலைச் சாம்பலால் விமானம் கிடைக்காமல் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தவர் ஆனந்த். மூன்று நாள் அவகாசம் கேட்டார், ஒரு நாள்தான் கொடுத்தார்கள். கடைசி, 12வது ஆட்டத்தில் டோபலோவ் முட்டிப் பார்க்க, கறுப்புக் காயில் ஆடிய ஆனந்த் ஜெயித்தார். அவருக்குப் பின்னால் இருந்து உதவியவர்களில் மூன்று பேர் காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன். ஒருவர் 1995ல் அவரைத் தோற்கடித்தவர், ஒருவர் 2008ல் அவரிடம் தோற்றவர், ஒருவர் பிறகு அவருடைய பட்டத்தை வாங்கியவர். வெறுப்பை வளர்த்து வைத்திருக்கும் ஆளுக்கு இப்படி உதவி கிடைக்குமா?

கோச் பதில் சொல்லவில்லை. நான் பிள்ளைகளைப் பிரிக்கவும் இல்லை. மறுநாள் நாலு மணி நேரம் ஆடினார்கள். ராஜாக்கள் போக யானைகளும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும் கடைசிக் கட்டத்தில், அதாவது யானை எண்ட்கேமில், ஒரு சிப்பாய் குறைவாக இருந்து என் மகள் தோற்றாள். "நான் சொன்னேன்ல, கொலைவெறி இல்ல" என்றார் கோச். அவளுக்கு இல்லாதது எண்ட்கேம் பயிற்சி. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் அவர்தான். அடுத்த மாதமே வேறு கோச்சிடம் சேர்த்தேன்.

    

சரி, எதிராளியை வெறுத்தே ஆடிய சோவியத் வீரர் கோர்ச்நோயை மறந்துவிட்டீர்களா என்று சிலர் இங்கே சண்டைக்கு வருவார்கள், தெரியும். நான் மறுக்கவில்லை. 1976ல் சோவியத்தை விட்டு வெளியேறிய அவர் 1978ல் பிலிப்பைன்ஸின் பாகியோவில், அப்போதைய உலக சாம்பியன் கார்ப்போவை எதிர்த்து ஆடியது நிஜமான ஆத்திரத்தோடுதான். அவருடைய மனைவியும் மகனும் இன்னும் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு வெற்றி முதலில் எடுப்பவருக்குப் பட்டம் என்ற போட்டியில் 2–5 என்று பின்தங்கியவர், 47 வயதில், 5–5 என்று சமன் செய்தார். அந்த வேகத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் 32வது ஆட்டத்தில் கார்ப்போவ் ஜெயித்துவிட்டார். ஆத்திரம் அவரை அந்த வாசல்வரை கொண்டுவந்தது என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

இப்போது சென்னை. ஆனந்த் அங்கே ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களில் அடுத்தடுத்து தோற்றது யானை எண்ட்கேம்களில். அவருக்கு 43 வயது, கார்ல்சனுக்கு 22. பெரிதாக ஒன்றும் இல்லாத நிலைமையில் மணிக்கணக்காக அழுத்திக்கொண்டே இருப்பது கார்ல்சனின் பலம். அதற்கு எதிராளி மேல் பகை எதுவும் தேவைப்படவில்லை. அதே கார்ல்சன், உலகப் பட்டப் போட்டிகள் ஐந்தையும் ஜெயித்த பிறகு 2022ல், இன்னொன்று ஆட ஊக்கம் இல்லை என்று பட்டத்தைக் காக்க மறுத்துவிட்டார். ஆனந்தோ சென்னைத் தோல்விக்கு நாலு மாதம் கழித்து உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியை ஜெயித்து, சோச்சியில் திரும்பவும் கார்ல்சன் எதிரே போய் உட்கார்ந்தார். அப்படிப்பட்டவரிடம் வேகம் போதாது என்று யார் சொன்னாலும் நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.