படகு நின்றது 23ஆம் தேதி, நீங்கள் ரத்து செய்தது 20ஆம் தேதி

கேள்வி: அந்தமான் ஸ்வராஜ் தீவில் கடலோர ரிசார்ட் ஒன்றில் மே 24 அன்று எங்கள் திருமணத்தை நடத்த 18 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டு, 11 லட்சம் கட்டியிருந்தோம். கடல் கொந்தளிப்பு என்று செய்தி வந்ததால் மே 20 அன்று என் அப்பா வாட்ஸ்அப்பில், "கல்யாணத்தை ரத்து செய்கிறோம், பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று எழுதினார். 23 முதல் 25 வரை படகு ஓடவில்லை. திருமணம் மதுரையிலேயே அவசரமாக நடந்தது. ரிசார்ட் மேலாளர் அப்பாவை அவமரியாதையாகப் பேசினார். சம்பந்தி வீட்டில் இன்றுவரை பேச்சு கேட்கிறோம். இப்போது 4.5 லட்சம் பணமும் 3 லட்சத்துக்குத் தங்கும் கூப்பனும் தருகிறோம் என்கிறார்கள். முழுத் தொகையும் மன உளைச்சலுக்கு 25 லட்சமும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் மேலாளரின் பேச்சும் சம்பந்தி வீட்டின் பேச்சும்தான். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பணம் திரும்பி வருமா என்பதை அது தீர்மானிக்காது. தீர்மானிப்பது உங்கள் அப்பாவின் அந்த ஒற்றை வரி.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் பிரிவு 56, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது. அப்படிச் செல்லாமல் போனால், வாங்கிய பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 65. 23ஆம் தேதி படகு நிற்கும்வரை நீங்கள் பொறுத்திருந்தால், இந்த இரண்டு பிரிவுகளையும் வைத்து 11 லட்சத்தையும் கேட்கும் வலுவான வழக்கு கையில் இருந்திருக்கும். 20ஆம் தேதியே ரத்து என்று எழுதியதால், ஒப்பந்தத்தை முறித்தவர்கள் நீங்கள் என்று ரிசார்ட்காரர்கள் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் உங்கள் கணவர், அப்பாவின் செய்தி அவரைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு வாதம் இருந்தது. மறுநாள் காலையிலேயே உங்கள் கணவர் தன் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பிவைத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் ரத்தை அவரும் ஏற்றுக்கொண்டதாக அது ஆகிவிடும்; அந்த வாதமும் அத்தோடு போயிற்று.

இன்னொன்றும் வரும். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பே, மே மாதப் பிற்பாதியில் அந்தமானைத் தொட்டுவிடும். "மே 24 என்று தேதி குறித்தவர்கள் நீங்கள், இது தெரியாதா?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே கேட்பார். எதிர்பார்த்திருக்கக்கூடிய ஒரு காரணத்தைக் காட்டிப் பிரிவு 56க்குள் நுழைவது கடினம்.

அதற்காக அவர்கள் 11 லட்சத்தையும் விழுங்கிவிட முடியாது. நீங்களே முறித்ததாக வைத்துக்கொண்டாலும், அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74இன்படி அவர்களுக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே. நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்று கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. படகே ஓடாத நாளில் உங்கள் விருந்தினர் யாரும் வந்து சேர்ந்திருக்க முடியாது. அப்படியிருக்க, உங்கள் ரத்துச் செய்தியால்தான் நஷ்டம் என்று அவர்கள் எப்படி நிரூபிப்பார்கள்? பேரத்தில் உங்கள் கையில் இருக்கும் பலமான சீட்டு இதுதான். ஆனால் ரசீதை எடுத்துப் பாருங்கள். கட்டிய பணத்தில் எவ்வளவு 'முன்பணம்', எவ்வளவு 'உறுதிப்பணம்' (ஒப்பந்தத்தை நிறைவேற்றுவோம் என்பதற்கு ஈடாகக் கட்டும் பணம்) என்று எழுதியிருக்கிறது? நியாயமான அளவிலான உறுதிப்பணத்தை அவர்கள் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

ஒப்பந்தத்தில் உள்ள 'வழக்குகள் போர்ட் பிளேர் நீதிமன்றத்தில் மட்டும்' என்ற நிபந்தனைக்குப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். என்னிடம் வந்தவர்கள் சறுக்கியது இங்கேதான்: கோபத்தில், ஒப்பந்தத்தின் ரத்து நிபந்தனையே அநியாயமானது என்பதைப் புகாரின் அடித்தளமாக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்துவிடுவார்கள். அநியாய ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் தொடங்குகிறது. ஒரு வருடம் கழித்துப் புகார் திரும்பி வரும். கால வரம்போ மொத்தமே இரண்டு வருடம். மாவட்ட ஆணையத்துக்குப் போவதென்றால் சேவைக் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தராமை என்ற அளவில் புகாரை நிறுத்துங்கள்.

25 லட்சத்தை மறந்துவிடுங்கள். கண்ணீருக்கு ஆணையங்கள் தரும் தொகை மிகச் சிறியது. அவ்வளவு பெரிய கோரிக்கை, நியாயமான கோரிக்கையையும் சந்தேகப்பட வைக்கும்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். மூன்று வருடம் அலைந்து வென்றாலும் ஐந்தாறு லட்சத்துக்கு மேல் வரும் என்று நான் நம்பவில்லை. கூப்பனை வேண்டாம் என்று சொல்லி, 6.5 லட்சம் பணமாகக் கேளுங்கள். 5.5 லட்சத்துக்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கூப்பன் என்பது, யாரோடு சண்டையோ அவர்கள் வீட்டிலேயே போய்த் தங்கச் சொல்வது. காலாவதியாகும் தேதியும் விடுமுறைக்கால விலக்கும் அதில் கட்டாயம் இருக்கும்.

ஆனால் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலின் கடைசி வரியைப் படித்தீர்களா? 'முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்.' பணம் வரும் முன்பே இதற்குச் 'சரி' என்று பதில் எழுதிவிட்டு, பிறகு பாதித் தொகையோடு நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பின்னால் வாதாடலாம். அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். 'குறிப்பிட்ட தேதிக்குள் முழுத் தொகையும் கணக்கில் வந்து சேர்ந்தால் மட்டுமே இது இறுதித் தீர்வு' என்று மாற்றி எழுதுங்கள்.

11 லட்சத்தில் 6 லட்சம் உங்கள் மாமனார் கணக்கிலிருந்து போனது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது ஓரத்தில் எழுதும் விஷயம் அல்ல. பணம் யார் கணக்குக்கு, எந்த விகிதத்தில் திரும்ப வேண்டும் என்பதை இரு வீட்டாரும் முதலில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பணத்தைப் பங்கு போடுவதில் முறிந்த உறவுகளை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது.

அப்பாவின் கைபேசியை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். பேச்சு முறிந்து ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி அந்த மின்னணு உரையாடலுக்கு ஆதாரச் சான்றிதழ் தர அந்தக் கருவி வேண்டும். பேரத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அவர்கள் இழுத்தடித்தாலும் இரண்டு வருடக் கணக்கு மே மாதத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.