தாடையில் முளைத்த முடியும் தை மாதக் கல்யாணமும்

கேள்வி: எனக்கு வயது 24. மாநிறம். கைகால்களில் சிறுவயது முதலே முடி அதிகம். இரண்டு வருடங்களாகத் தாடையிலும் கழுத்திலும் கறுப்பாகத் தடித்த முடி முளைக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை த்ரெடிங் செய்துகொள்கிறேன். வரும் தை மாதம் திருமணம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அத்தை, "மஞ்சள் தேய்த்துக் குளிப்பதில்லையா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். நான்கு முறை லேசர் செய்தால் உடம்பில் முடியே முளைக்காது என்று ஓர் அழகு நிலையத்தில் சொல்லி, 40,000 ரூபாய் கேட்கிறார்கள். நகைச்சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாமா? மாதவிலக்கு 45, 50 நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்.

பதில்: நகைச்சீட்டை இப்போது தொடாதே. என் மகளுக்கும் உன் வயதுதான். அந்த உரிமையில் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

மாதவிலக்கைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, என் கண் அங்கேதான் நின்றது. கைகால் முடி பரம்பரையாக வந்திருக்கலாம். உன் அம்மாவின் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் 22 வயதில் தாடையில் புதிதாக முடி தடிப்பதும் விலக்கு தள்ளிப்போவதும் சேர்ந்து வந்தால், சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பெண் உடம்பில் கொஞ்சமாகச் சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் கூடும்போது பூனைமுடி கறுத்துத் தடிக்கிறது. அதைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால், இன்று சுட்ட முடிக்குப் பக்கத்தில் நாளை இன்னொன்று தடிக்கும். மகளிர் நல மருத்துவரைப் பார். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகளையும், அவர் சொன்னால் ஸ்கேனையும் எடுத்துக்கொள். உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மஞ்சள் தேய்க்காததால் யாருக்கும் முடி முளைப்பதில்லை. அந்த அத்தையின் கேள்வியைப் படித்தபோது எனக்கே முகம் சுட்டது. மருத்துவம் படித்த நாட்களில் விடுதிக் கண்ணாடி முன் நின்று, தோழிகள் எழுந்திருப்பதற்குள் என் தாடை முடிகளை இடுக்கியால் பிடுங்கியிருக்கிறேன். முடி போன இடமெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்தது. தோல் மருத்துவரான பிறகுதான் லேசர் செய்துகொண்டேன், எட்டு அமர்வுகள். இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கிறது. கைகளில் இருக்கும் முடியை அப்படியே விட்டுவிட்டேன். அது என்னை ஒருநாளும் உறுத்தியதில்லை.

‘முளைக்கவே முளைக்காது’ என்ற வாக்குறுதியை நம்பாதே. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. லேசர் கருவிகளுக்கு ‘நிரந்தரக் குறைப்பு’ என்ற சொல்லைத்தான் அனுமதிக்கிறது. முடியின் கறுப்பு நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி வேரைச் சுடுகிறது. வளரும் பருவத்தில் உள்ள முடிக்குத்தான் அந்தச் சூடு முழுதாகப் பயன்படும். உறங்கிக்கொண்டிருக்கும் முடி தப்பித்துவிடும். அதனால்தான் முகத்துக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டு அமர்வுகள் தேவைப்படுகின்றன. தைக்குள் முடிகிற வேலை இல்லை.

நம் தோலிலும் அதே நிறமி இருக்கிறது. கருவியோ அதன் அளவோ தவறினால் தோல் வெந்து கறுப்புத் தழும்பு விழும். கல்யாணத்துக்கு முன் அந்த ஆபத்து உனக்கு வேண்டாம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள எண்டி யாக் லேசர் பாதுகாப்பானது. கருவியின் பெயரைக் கேள், இயக்குபவர் மருத்துவரா என்று கேள். இன்னொன்று: ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களில் சிலருக்கு, தாடையிலும் கழுத்திலும் உள்ள பூனைமுடியில் லேசர் பட்டு அது தடித்து வளர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே காதுக்குக் கீழே ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்க்காமல் முகத்தைக் கொடுக்காதே.

எலெக்ட்ரோலிசிஸ் என்ற பழைய முறையும் உண்டு. உள்நோக்கி வளரும் கண்ணிமை முடியை அகற்ற, சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1875-இல் பயன்படுத்தியது. ஒவ்வொரு முடிக்கும் ஊசி வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். நிரந்தரம் என்று சொல்லத்தக்கது அதுதான். தாடையில் பத்திருபது முடிதான் என்றால் பொறுமையோடு செய்துகொள்ளலாம், கைகாலுக்கு ஒத்துவராது.

கல்யாணத்துக்கு, கைகால்களை நலங்குக்கு மூன்று நாள் முன்பு வேக்ஸிங் செய்துகொள். அன்றே செய்தால் மஞ்சள் எரியும். பிளேடு பட்டால் முடி தடிக்கும் என்பது பொய். வெட்டிய நுனி மழுங்கி இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பிறகு லேசருக்குப் போவதாக இருந்தால், ஒரு மாதத்துக்கு முன்பே த்ரெடிங்கை நிறுத்து. நூல் வேரோடு இழுத்துவிட்டால் லேசருக்கு அங்கே வேலை இருக்காது.

பரிசோதனைக்குப் போகும்போது கல்யாணத் தேதியை மருத்துவரிடம் மறக்காமல் சொல். முடி வளர்ச்சியைக் குறைக்கத் தரும் சில மாத்திரைகளைக் கர்ப்ப காலத்தில் எடுக்கவே கூடாது. உங்கள் இருவரின் குழந்தைத் திட்டத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவர் மருந்து எழுத வேண்டும்.